கன்னச் செல்லில் நுண்கரு எண்ணுவது எப்படி: புகைக்காற்று மரபணுவுக்குச் செய்யும் சேதத்தை அளக்க ஒரு செய்முறை

டீசல் புகையையும் பெட்ரோல் ஆவியையும் நாள் முழுக்கச் சுவாசிப்பவர்களின் மரபணுவுக்குச் சேதம் நடக்கிறதா என்று பார்க்க ஊசி போட்டு இரத்தம் எடுக்கத் தேவையில்லை. ஒரு சின்னப் பல்துலக்கியும் நல்ல நுண்ணோக்கியும் சரியான சாயமும் போதும். கன்னத்தின் உட்புறச் செல்களைச் சுரண்டி எடுத்து, அவற்றில் நுண்கருக்களை, அதாவது மைக்ரோநியூக்ளியஸ்களை எண்ணும் சோதனை இது. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். ஆனால் எளிது என்று நினைத்துச் செய்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் நுண்ணோக்கிக்கு முன்னாலேயே, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் சாயம் ஏற்றும்போதும் நடந்துவிடுகின்றன. அதனால் அந்த இரண்டையும் இங்கே விரிவாகவே சொல்கிறோம்.

எதை எண்ணுகிறோம்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012லும், வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் 2013லும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் பிரிவில் வைத்தது. பென்சீன் அதற்கு முன்பே அந்தப் பிரிவில் இருக்கிறது. இவை வேலை செய்யும் வழி ஒன்றல்ல. புகையிலுள்ள பென்சோபைரீன் நேரடியாக டி.என்.ஏ.வைத் தாக்குவதில்லை. உடல் அதை வெளியேற்றுவதற்காக நொதிகளால் மாற்றும்போது உருவாகும் எப்பாக்சைடு வடிவம்தான் டி.என்.ஏ.வின் குவானைன் என்ற பகுதியில் ஒட்டிக்கொள்கிறது. நுண்துகளில் ஒட்டிவரும் இரும்பு, தாமிரம் போன்ற உலோகங்கள் ஆக்சிஜன் தனிஉறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கி, டி.என்.ஏ. இழைகளை அறுக்கின்றன. பென்சீனின் சிதைபொருட்கள் குரோமோசோம்களை உடைப்பதோடு, செல் பிரியும்போது அவற்றை இழுக்கும் கதிர் இழைகளையும் குலைக்கின்றன.

இப்படி உடைந்த துண்டோ, இழுபடாமல் பின்தங்கிய முழு குரோமோசோமோ செல் பிரியும்போது முதன்மைக் கருவுக்குள் சேராமல் வெளியே நின்றுவிடும். தன்னைச் சுற்றித் தனிச் சவ்வு போட்டுக்கொண்டு குட்டிக் கருவாகத் தெரியும். அதுதான் நுண்கரு.

கன்னத் தோலின் அடி அடுக்குச் செல்கள் மட்டுமே பிரிகின்றன. அவை மேலே வந்து உதிர 7 முதல் 21 நாள் ஆகும். ஆகவே இன்று சுரண்டி எடுத்த செல் சொல்வது இன்றைய காற்றைப் பற்றி அல்ல, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு முந்தைய காற்றைப் பற்றி. இந்த ஒரு விஷயத்தை மறந்தால் முழு ஆய்வும் வீண். பொங்கல் விடுப்பில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய பங்க் ஊழியரிடம் மறுநாளே மாதிரி எடுத்தால், அவருடைய ஊர்க் காற்றைத்தான் அளக்கிறீர்கள். போகிக்கும் தீபாவளிக்கும் அடுத்த மூன்று வாரம் மாதிரி எடுக்காமல் இருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு குழுவுக்கும் அதே வாரத்தில் எடுங்கள்.

யாரிடம் எடுப்பது

பெட்ரோல் பங்க் ஊழியர்களுடன் கல்லூரி மாணவர்களை ஒப்பிடும் ஆய்வுகளை நிறையப் பார்க்கலாம். நாற்பது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் நுண்கரு எண்ணிக்கை வேறுபட வயது ஒன்றே காரணமாகலாம். உணவு, தூக்கம், புகையிலைப் பழக்கம் எல்லாமே வேறு. பங்க்குக்கு ஒப்பீடாக, அதே ஊரில், அதே வயதில், ஏறக்குறைய அதே சம்பளத்தில் உள்ளே வேலை செய்யும் ஜவுளிக்கடை அல்லது மளிகைக்கடை ஊழியர்களைத் தேடுங்கள். போக்குவரத்துக் காவலர்களுக்கு ஒப்பீடாகச் சாலையில் நிற்காத, அலுவலகப் பணியிலுள்ள காவலர்களே சரி.

வெற்றிலை பாக்கு, மெல்லும் புகையிலை போடுபவர்களை இரண்டு குழுவிலிருந்தும் விலக்கிவிடுவதே எங்கள் பரிந்துரை. பாக்கு நேரடியாகக் கன்னத்திலேயே நுண்கருவைக் கூட்டும். அந்தச் சத்தத்தில் காற்றின் குரல் கேட்காது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களை விலக்க முடியாவிட்டால், இரு குழுவிலும் ஒரே விகிதத்தில் இருக்கும்படி பாருங்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதவேண்டியவை: வயது, பாலினம், வேலையில் எத்தனை ஆண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கடந்த மூன்று வாரத்தில் விடுப்பு, மது, வாய்ப்புண், அண்மையில் எடுத்த எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகள், வீட்டில் விறகு அடுப்பா கேஸா, கொசுவர்த்தியும் சாம்பிராணியும் தினமும் உண்டா. கடைசி இரண்டையும் பலரும் கேட்பதில்லை. பகலில் சுத்தமான கடையில் இருந்துவிட்டு இரவில் கதவடைத்த அறையில் கொசுவர்த்திப் புகையில் தூங்குபவர் நல்ல ஒப்பீட்டாளர் அல்ல.

எத்தனை பேர் வேண்டும்? வழக்கமான மக்களில் 1000 செல்லுக்குப் பெரும்பாலும் 0.5 முதல் 2.5 வரை நுண்கரு இருக்கும். ஒருவருக்கு 2000 செல் எண்ணினால், சராசரி 1000க்கு 1 என்றால், எதிர்பார்ப்பது 2. ஆனால் வெறும் தற்செயலாலேயே இதே ஆளுக்கு 100 தடவையில் 13 தடவை பூஜ்யமும், 5 தடவை 5 அல்லது அதற்கு மேலும் வரலாம். எனவே தனி ஒருவரின் எண்ணை வைத்து அவருக்கு எதுவும் சொல்ல முடியாது. இது குழுவுக்கான சோதனை. சேதம் இரண்டு மடங்கு என்று எதிர்பார்த்தால் குழுவுக்கு 40 பேராவது வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு வேறுபாட்டைப் பிடிக்க 80 முதல் 100 வரை வேண்டும். 15 பேரை வைத்துச் செய்துவிட்டு வேறுபாடு இல்லை என்று எழுதுவது, பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தொடங்கும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டுங்கள். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கையெழுத்து வாங்காதீர்கள்.

காற்றையும் அளக்கவேண்டும்

பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் எண்ணை எடுத்துப் போட்டால் போதாது. சந்திப்பில் நிற்பவர் மூக்கருகே இருக்கும் காற்று அதுவல்ல. நுண்துகளுக்குச் சட்டைக் கழுத்தருகே மாட்டும் பம்பும் வடிகட்டித் தாளும் நம்பகமானவை. மலிவான ஒளிச்சிதறல் உணரிகளைப் பயன்படுத்தினால், கடலோர ஊர்களில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் விடிகாலையில் துகள்கள் நீர் உறிஞ்சி ஊதி, எண் மிகையாகக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். வடிகட்டித் தாள் முறையோடு சில நாள் பக்கத்தில் ஓடவிட்டுத் திருத்தம் கண்டுபிடித்த பிறகே நம்பலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க: இந்தியத் தரம் ஆண்டுச் சராசரியாக நுண்துகளான பி.எம் 2.5க்குக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம், பென்சீனுக்கு 5 மைக்ரோகிராம், பென்சோபைரீனுக்கு 1 நானோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் பி.எம் 2.5க்கு வைத்த ஆண்டு அளவு 5 மைக்ரோகிராம்தான்.

வசதி இருந்தால் பணி முடியும் நேரத்தில் சிறுநீரும் எடுங்கள். அதில் அளக்கவேண்டியவை: டீசல், விறகுப் புகைக்கு 1-ஹைட்ராக்சிபைரீன், பெட்ரோல் ஆவிக்கு எஸ்-பினைல்மெர்காப்ட்யூரிக் அமிலம். மியூக்கானிக் அமிலமும் பென்சீனுக்கு அளப்பார்கள். ஆனால் உணவில் பதப்படுத்தியாகச் சேர்க்கும் சோர்பிக் அமிலமும் அதைக் கூட்டிவிடும். குறைந்த அளவுப் பாதிப்பில் அது உதவாது.

தேவையான கரைசல்கள்

தாங்கல் (பஃபர்) கரைசல், 1 லிட்டருக்கு: ட்ரிஸ் 1.21 கிராம், டைசோடியம் இ.டி.டி.ஏ. டைஹைட்ரேட் 37.2 கிராம், சோடியம் குளோரைடு 1.17 கிராம். 800 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச். 7.0க்குக் கொண்டுவந்து, பிறகு 1 லிட்டராக்கி ஆட்டோகிளேவில், அதாவது உயர் அழுத்த நீராவியில், கிருமி நீக்குங்கள். உப்புநீரில் மாதிரி எடுப்பவர்கள் உண்டு. இ.டி.டி.ஏ. செய்யும் வேலையை உப்புநீர் செய்யாது. எச்சிலிலும் செல்லிலும் உள்ள டி.என்.ஏ. சிதைக்கும் நொதிகளை அடக்குவதும், பாக்டீரியாவைக் கழுவித் தள்ள உதவுவதும் இந்தத் தாங்கல்தான்.

நிலைநிறுத்தி (ஃபிக்சேட்டிவ்): எத்தனால் 3 பங்கு, பனிநிலை அசிட்டிக் அமிலம் 1 பங்கு. அன்றன்றைக்குக் கலக்கவேண்டும். நேற்றைய மிச்சத்தில் எஸ்டர் உருவாகியிருக்கும்.

5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 100 மி.லி.க்கு: 58 மி.லி. நீரில் 37 சதவீத அடர் அமிலம் 42 மி.லி.யை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது. புகைக் கூண்டுக்குள், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள்.

ஷிஃப் கரைசல்: கடையில் வாங்கியதே போதும். நிறமின்றியோ மிக வெளிர் மஞ்சளாகவோ இருக்கவேண்டும். இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தால் கொட்டிவிடுங்கள். 4 டிகிரியில் இருட்டில் வைத்து, பயன்படுத்தும் முன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். இதோடு லைட் கிரீன் சாயம் 0.2 சதவீதம்.

செல் எடுப்பது

1. வாயை வெறும் நீரில் இரண்டு முறை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உணவுத் துணுக்கும் ஏற்கெனவே உதிர்ந்த செத்த செல்லும் போகும்.
2. சின்னத் தலையுள்ள மென்மையான பல்துலக்கி, கன்னத்துக்கு ஒன்று. உட்கன்னத்தின் நடுவில் தொடங்கி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே 10 முதல் 20 சுற்று. ஒரே இடத்தில் தேய்த்தால் அடி அடுக்கு வரை போய்விடும், அங்குள்ள செல்கள் எண்ணுவதற்கு உரியவை அல்ல. இரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம்.
3. துலக்கியை 10 மி.லி. தாங்கல் உள்ள குப்பியில் நன்றாகக் கலக்கி உதறுங்கள். இடது, வலது தனித்தனிக் குப்பி.
4. குப்பியில் குறியீட்டு எண் மட்டும். பெயரோ, பங்க்கா கடையா என்பதோ எழுதக்கூடாது. எண்ணுபவருக்கு அது தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாயும்.

ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றே கழுவத் தொடங்குங்கள்.

கழுவி, கண்ணாடி வில்லையில் (ஸ்லைடு) ஏற்றுவது

580 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். சுழல் கருவியின் ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்குச் சுமார் 2,280 சுற்று, 15 செ.மீ. என்றால் 1,860. மேல் நீரை 1 மி.லி. மிச்சம் வைத்து எடுத்துவிட்டு, 5 மி.லி. புதுத் தாங்கல் ஊற்றிக் கலக்கி மறுபடி சுழற்றுங்கள். மொத்தம் மூன்று முறை. மூன்றாவது முறைக்குப் பிறகும் மேல் நீர் கலங்கலாக இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். பாக்டீரியா மிச்சமிருந்தால் எண்ணும்போது வருந்துவீர்கள்.

இரு கன்னச் செல்களையும் சேர்த்து, கட்டிகளை உடைக்க 100 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டுங்கள். ஹீமோசைட்டோமீட்டர் என்ற செல் எண்ணும் கட்டக் கண்ணாடியில் எண்ணி மி.லி.க்கு 80,000 செல்லுக்குக் கொண்டுவாருங்கள். அதில் 5 சதவீதம் டைமெத்தில் சல்ஃபாக்சைடு சேர்த்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து நிற்கும். செல்களைச் சுழற்றி வில்லையில் படியவைக்கும் சைட்டோசென்ட்ரிஃபியூஜ் இருந்தால் 120 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 நிமிடம். இல்லாவிட்டால் இளஞ்சூடான கண்ணாடி வில்லையில் 100 மைக்ரோலிட்டரைச் சொட்டவிட்டுக் காற்றில் உலர்த்தலாம். ஆளுக்கு நான்கு வில்லையாவது தயார் செய்யுங்கள். 10 நிமிடம் உலர்ந்ததும் நிலைநிறுத்தியில் 10 நிமிடம், மறுபடி உலரவிடுங்கள்.

சாயம்: இங்கேதான் முடிவு மாறுகிறது

ஜிம்சா சாயம் மலிவு, எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். இந்தச் சோதனைக்கு அதைத் தொடவேண்டாம். ஜிம்சா டி.என்.ஏ.வை மட்டும் தேடிப் பிடிக்காது. கெரட்டோஹயலின் துகள், ஒட்டியிருக்கும் பாக்டீரியா எல்லாமே நுண்கரு மாதிரி நீலமாக நிற்கும். டி.என்.ஏ.வுக்கே உரிய சாயத்தோடு ஒப்பிட்டால் ஜிம்சாவில் எண்ணிக்கை பல மடங்கு ஊதிவிடும். புகைபிடிப்பவர், வாய் சுகாதாரம் குறைந்தவர் ஆகியோரிடம் இந்தப் பிழை இன்னும் கூடும். அப்படி வந்த எண்ணைக் காற்று மாசின் மேல் ஏற்றினால், நாளை யாராவது சரியான சாயத்தில் செய்து பார்க்கும்போது உண்மையான பாதிப்பும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

டி.என்.ஏ.வுக்கே உரிய சாய முறையான ஃபூல்கன் முறை இப்படி: 50 சதவீத எத்தனாலில் 1 நிமிடம், 20 சதவீதத்தில் 1 நிமிடம், காய்ச்சி வடித்த நீரில் 2 நிமிடம். பிறகு 5 மோலார் அமிலத்தில் 30 நிமிடம். ஓடும் குழாய் நீரில் 3 நிமிடம். ஷிஃப் கரைசலில் இருட்டில் 60 நிமிடம். மறுபடி ஓடும் நீரில் 5 நிமிடம். லைட் கிரீனில் 20 முதல் 30 விநாடி, நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, டி.பி.எக்ஸ். என்ற ஒட்டும் பிசினை இட்டு மூடுங்கள். கரு மெஜந்தா நிறத்திலும் செல்லுடல் பச்சையாகவும் நிற்கும்.

அமில நேரம்தான் மென்மையான இடம். அமிலம் டி.என்.ஏ.விலிருந்து பியூரின்களைக் கழற்றி ஆல்டிஹைடு முனைகளைத் திறந்துவிடுகிறது, ஷிஃப் அந்த முனைகளில் பிடிக்கிறது. நேரம் குறைந்தால் முனைகள் போதாது, கரு வெளிறும். கூடினால் டி.என்.ஏ.வே கரைந்து போய் அப்போதும் வெளிறும். 30 நிமிடம் என்பது 22 முதல் 25 டிகிரி அறைக்கான கணக்கு. நம் ஊர் ஏப்ரல், மே மாத அறையில் வினை வேகமாக நடக்கும். உங்கள் அறையில் 15, 20, 25, 30 நிமிடம் என நான்கு வில்லை போட்டுப் பார்த்து, கரு எதில் ஆழ்ந்து நிற்கிறதோ அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு வில்லையை அமிலத்தில் போடாமல் ஷிஃபில் மட்டும் வையுங்கள். அது நிறம் பிடிக்கக்கூடாது, பிடித்தால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். இரு குழுவின் வில்லைகளும் ஒவ்வொரு தொகுதியிலும் கலந்தே இருக்கவேண்டும்.

லைட் கிரீன் கூடிவிட்டால் பச்சை கருவை மூடிவிடும். அதற்கு விநாடிக் கணக்கு முக்கியம்.

எண்ணுவது

400 மடங்கில் தேடி, 1000 மடங்கில் எண்ணெய் விட்டு உறுதி செய்யுங்கள். முதலில் 1000 செல்லை வகை பிரித்து எழுதுங்கள்: அடிச்செல், முதிர்ந்த செல், இரட்டைக் கருச் செல், கருமொட்டு உள்ள செல், பிறகு குரோமாட்டின் இறுகியது, கரு சிதறியது, கரு சுருங்கியது, கரு கரைந்தது. அதன் பின் கரு முழுதாக உள்ள முதிர்ந்த செல் 2000ஐப் பார்த்து அதில் நுண்கருவை எண்ணுங்கள்.

நுண்கரு என்று ஏற்க எல்லாமே பொருந்தவேண்டும்: வட்டம் அல்லது முட்டை வடிவம், தெளிவான விளிம்பு. விட்டம் முதன்மைக் கருவில் மூன்றில் ஒன்று முதல் பதினாறில் ஒன்றுக்குள். நிறமும் அழுத்தமும் இழைநயமும் முதன்மைக் கருவைப் போலவே. அதே குவியத் தளத்தில் தெரியவேண்டும், ஏற்றி இறக்கும்போது தனியாக மேலே மிதந்தால் அது செல்லின்மேல் ஒட்டிய அழுக்கு. முதன்மைக் கருவோடு பாலம் இருந்தால் அது கருமொட்டு, வேறு பத்தியில் போகும். சந்தேகம் தீராவிட்டால் ஒளிர் நுண்ணோக்கியில் பாருங்கள். ஃபூல்கன் பிடித்த டி.என்.ஏ. பச்சை ஒளியில் சிவப்பாக ஒளிரும், அழுக்கு ஒளிராது.

கற்றுக்கொள்பவர் அதிகம் ஏமாறுவது கரு சிதறிய செல்லில். செத்துக்கொண்டிருக்கும் அந்தச் செல்லில் கரு பல துண்டாகக் கிடக்கும், ஒவ்வொரு துண்டும் நுண்கரு போலவே இருக்கும். ஒரே செல்லில் ஐந்தாறு நுண்கரு கண்டால் மகிழாதீர்கள், பெரும்பாலும் அது இதுவாகத்தான் இருக்கும். செத்த செல்களின் விகிதத்தையும் கட்டாயம் எழுதுங்கள். நச்சு மிகுந்த இடத்தில் சேதமடைந்த செல்கள் செத்தே போய்விடுவதால் நுண்கரு எண்ணிக்கை குறைவாகக்கூடத் தெரியலாம்.

இருவர் தனித்தனியாக எண்ணவேண்டும். பத்தில் ஒரு வில்லையைப் புது எண் கொடுத்து மறுபடி கலந்து வையுங்கள், அதே ஆள் அதே வில்லைக்கு என்ன சொல்கிறார் என்று தெரியும்.

கணக்கில் டி-சோதனை வேண்டாம். இது பூஜ்யமும் ஒன்றுமாக நிறைந்த எண்ணிக்கைத் தரவு. எதிர்மறை ஈருறுப்பு (நெகட்டிவ் பைனாமியல்) மாதிரி என்று புள்ளியியல் துறையில் கேட்டால் தெரியும். வயது, பாலினம், புகையிலை, விறகு அடுப்பு ஆகியவற்றை அதில் சேர்த்துப் பாருங்கள். குழுச் சராசரியோடு, பணி ஆண்டு கூடக் கூட எண்ணிக்கை கூடுகிறதா, அளந்த பென்சீனோடு ஏறுகிறதா என்பதும் வந்தால்தான் காற்றைக் காரணம் காட்ட வலு இருக்கும்.

முடிவை அவர்களிடம் சொல்லும்போது

செல் கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல்லியாகவேண்டும். உங்களுக்கு இத்தனை நுண்கரு, உங்களுக்குப் புற்றுநோய் வரும் என்று யாரிடமும் சொல்லக்கூடாது, அது உண்மையும் அல்ல. 2007ல் வெளியான, 10 நாடுகளின் 6,718 பேரை வைத்த ஆய்வு, இரத்த வெள்ளணுக்களில் நுண்கரு அதிகமுள்ளவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் கூடுதலாக வந்ததைக் காட்டியது. அதுவும் குழு அளவிலான உண்மையே. உங்கள் வேலையில் இருப்பவர்களுக்குச் சராசரியாக இவ்வளவு கூடுதல், காற்றைச் சுத்தமாக்கினால் குறைய வாய்ப்பு உண்டு என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது பாதி வெறும் ஆறுதல் அல்ல. கனடாவின் ஹாமில்டனில் இரும்பாலைகளுக்கு அருகே வைத்து வளர்த்த எலிகளில், துகள் வடிகட்டிய காற்றைப் பெற்றவற்றின் குட்டிகளுக்குத் தந்தை வழியாகப் போன மரபணு மாற்றம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என 2004ல் பதிவானது.

செய்யக்கூடியதையும் கையோடு சொல்லிவிடுங்கள். பங்க்கில் தானியங்கி நாசில் நின்ற பிறகு முழு ரூபாய்க்காக மேலும் அழுத்தி நிரப்பும் பழக்கம்தான் ஊழியர் முகத்தில் ஆவியை அடிக்கிறது, அதை நிறுத்தலாம். ஆவி மீட்பு நாசில் உள்ள பங்க்கில் அது உண்மையில் இயங்குகிறதா என்று பார்க்கவேண்டும். பெட்ரோல் பட்ட சட்டையை உடனே மாற்றவேண்டும், பெட்ரோலில் கை கழுவக்கூடாது. என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், பென்சீன் ஆவியைத் தடுக்காது. அதற்குச் செயலூட்டிய கரி உள்ள கவசம் வேண்டும், கரி நிறைந்ததும் மாற்றவும் வேண்டும். சந்திப்பில் நிற்கும் காவலருக்கு, மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்திய என்95 நல்ல பலன் தரும். துணிக் கவசம் டீசல் நுண்துகளுக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்த மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம், அதே சாயத் தொகுதி முறையில் மறுபடி எடுங்கள். செல் அடுக்கு அதற்குள் பல முறை புதுப்பித்திருக்கும்.